மறு: ‘சர்வீஸ்கேப்’ – சேவைச்சூழல் சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். ‘சர்வீஸ்கேப்’ (servicescape) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார் நண்பர் ஒருவர். சேவை நடக்கும் இடத்தின் வெளிச்சம், ஓசை, அமைப்பு, பலகைகள் எல்லாம் சேர்ந்த சுற்றுப்புறத்தைக் குறிக்கும் சொல் அது. அதற்கு வந்த ஒரு பதில்:

> ‘சேவைச்சூழல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாகப் புரியும்.

வங்கிக்கும் ஓட்டலுக்கும் சரி, ஐயா. கேட்டவர் எழுதுவது மரபுச் சின்னங்களைப் பற்றி. கோயில் குறித்த கட்டுரையில் ‘சேவை’ என்று வந்தால் ஸ்ரீரங்கத்துக்காரர் பெருமாள் சேவை என்றுதான் படிப்பார். மற்றவர்களுக்கு இ-சேவை மையம்!

இன்னொரு நண்பர் சொன்ன ‘சேவைத்தோற்றம்’ கண்ணோடு நின்றுவிடுகிறது. இதுபற்றிச் சந்தையியல் அறிஞர் மேரி ஜோ பிட்னர் எழுதிய 1992 கட்டுரை வெளிச்சம், வெப்பம், ஓசை, மணம் ஆகியவற்றையும் சேர்த்தே பேசுகிறது. அப்புறம் இடத்தின் அமைப்பு. மூன்றாவது வகையாகப் பலகைகள், சின்னங்கள், அலங்காரப் பொருட்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் அரண்மனை முதலில் பிடிபடுவது பாதத்துக்குத்தான். தக்கலை வெயிலில் வந்த காலுக்கு அந்தக் கரிய, வழவழப்பான தரை சில்லென்று இருக்கும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள். வெளிச்சம் வடிகட்டித்தான் வருகிறது. ஒடுங்கிய மரப்படிகளில் குனிந்து ஏறும்போது யாரும் சொல்லாமலே பேச்சு குறைந்துவிடுகிறது. மன்னர் கால வாழ்க்கையைப் பற்றி எந்தப் பலகையும் இந்த அளவுக்குச் சொல்லாது என்பேன். தஞ்சைப் பெரிய கோயிலில் மே மாத நண்பகலில் இதற்கு நேர்மாறு. தரை சுடுகிற சூட்டில் விமானத்தை அண்ணாந்து பார்க்கவா தோன்றும்? நிழலுக்கு ஓடத்தான் தோன்றும்.

‘வருகையாளர் சூழல்’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பிட்னர் வாடிக்கையாளரோடு ஊழியரையும் சேர்த்தே கணக்கில் எடுத்தார். நாள் முழுக்க அரண்மனையின் அந்த மங்கலான வெளிச்சத்தில் நிற்கும் காவலருக்கும் அதே இடம்தானே?

என் பரிந்துரை: புலச்சூழல். புலம் என்றால் இடம். ஐம்புலம் என்னும்போது புலனும் அதுவே. இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கும்போது விடுவானேன்? காந்தப்புலம் இருக்கிறது, தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் துறைத்தொகுதிகளுக்கும் புலம் என்றுதான் பெயர் என்று யாராவது சொல்வீர்கள். ‘சூழல்’ ஒட்டியதும் அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிட்னரின் மூன்று வகைகளுக்கும் அகத்திணை மரபின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பெயர்களை வைக்கும் யோசனை அழகுதான். ஆனால் உரிப்பொருள் மனத்தின் ஒழுக்கம். பலகையும் சின்னமும் அதில் அடங்கா. பலகை, சின்னம் அடங்கிய அந்த மூன்றாவது வகைக்குக் ‘குறியீடுகள்’ போதுமா, ‘குறிபொருட்கள்’ வேண்டுமா? விக்சனரியில் ஏற்றுமுன் சொல்லுங்கள்.