நடந்தது தெரிஞ்சே ஆடுற வார் கேம்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

செடான்காரன்:
ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். பிரான்ஸ் 1940, ரெண்டாம் உலகப்போரை மேப்புல ஆடுற போர்டு கேம், நான் பிரான்ஸ், ஃப்ரெண்டு ஜெர்மனி. கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பெல்ஜியம் பக்கம் வேடிக்கை காட்டிட்டு டேங்க் எல்லாத்தையும் ஆர்டென்ஸ் காட்டு வழியா கொண்டுவந்து மே 13 பிரான்ஸ் எல்லைப் பக்கம் செடான்ல மியூஸ் ஆத்தைத் தாண்டுனாங்க. பிரெஞ்சு தலைமைத் தளபதி கேமலின் கையில இருந்த நல்ல ரிசர்வ் ஜெனரல் ஜிரோவோட 7வது ஆர்மி, அதையும் ஹாலந்துல ப்ரெடா வரைக்கும் ஓட விட்டுட்டாரு. அந்தத் தப்பை நான் பண்ணுவேனா? முதல் டர்ன்லயே 7வது ஆர்மியை செடானுக்கு ரெண்டு ஹெக்ஸ் (மேப்புல இருக்குற அறுகோணக் கட்டம்) பின்னாடி உக்கார வெச்சுட்டேன். கவுன்டர் (ஒவ்வொரு படைக்கும் இருக்குற சின்ன அட்டை) அடுக்கைக் கையில எடுத்தவன் அப்படியே நின்னுட்டான். மேப்பைப் பாத்தான், என்னைப் பாத்தான். "நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையேடா"ன்னான். கவுன்டரை ஒண்ணொண்ணா பெட்டிக்குள்ள போட்டுட்டு எழுந்து போயிட்டான். இதை ஜெயிச்சேன்னு சொல்றதா என்னன்னே தெரியல.

ராசியில்லா_டைஸ்:
இதுல ஃபீல் பண்ண என்ன இருக்கு ப்ரோ. உனக்குத் தெரிஞ்சது அவனுக்கும் தெரியும்ல, நிஜத்துல டன்கர்க் கிட்ட ஜெர்மனி டேங்கை நிறுத்துனதாலதான் பிரிட்டிஷ் படை கப்பல் ஏறித் தப்பிச்சுது, அந்த மாதிரி நிறுத்துவானா அவன்? மாட்டான்ல. கணக்கு சரி.

என் கதை வேற. ஸ்டாலின்கிராட், நான் ஜெர்மனி. 1942 நவம்பர் 19 வரும், ரஷ்யா அடிச்சு ஜெர்மனி பக்கம் நின்ன ருமேனிய ஆர்மி ரெண்டும் உடையும், ஜெர்மன் தளபதி பவுலஸ் உள்ள மாட்டுவாரு, மனப்பாடம். நிஜத்துல ருமேனியாக்காரனுக்குப் பின்னாடி நின்ன 22வது பான்சர் (ஜெர்மன் டேங்க் படை) டிவிஷன் டேங்குல எலி ஒயரைக் கடிச்சு வெச்சிருந்துச்சு, என்கிட்ட எலி எல்லாம் கிடையாது, நல்ல பான்சரா மூணு கொண்டுபோய் டான் ஆத்துக் கரையில நிறுத்திட்டேன். நாலு டர்ன். அவன் வரவே இல்ல. அஞ்சாவது டர்ன்ல வடக்க ர்ஷெவ் பக்கம் மொத்தமா இறங்குனான், அங்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல. "நீ அங்கதான் நிப்பேன்னு எனக்குத் தெரியாதா"ன்னு கேட்டான் பாருங்க. கோட்டை விட்டேன்.

மூணாவது_டர்ன்:
நான் சொல்றது நம்ப மாட்டீங்க. ரெண்டு பக்கமும் ஆர்டரை எழுதிக் குடுத்தா மேப்புல நகர்த்துற அம்பயர் வெச்சு ஆடுனோம், நாடு பேர், தளபதி பேர் எல்லாம் கற்பனை, மேப்பையும் கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பி வெச்சிருந்தாரு, எங்களுக்குத் தெரியாது. முதல் நாள் ஒரு எதிரிப்படையை அடிச்சு விரட்டிட்டேன். அது திரும்பி வரக்கூடாதேன்னு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஆளைப் பிரிச்சு பின்னாடியே துரத்த விட்டேன், "கண்டுபிடிக்காம திரும்பாத"ன்னு ஆர்டர் வேற எழுதிக் குடுத்தேன். அடுத்த நாள் மீதிப் படையோட ஒரு மேட்டை முட்டிட்டே இருக்கேன், சாயங்கால டர்ன்ல அம்பயர் என் இடது பக்கம் ஒரு கறுப்பு கவுன்டர் வெச்சாரு. நம்ம ஆளு வந்துட்டான்னு சந்தோஷப்பட்டேன். அது நான் விரட்டுன படை. அப்புறம்தான் பேரையெல்லாம் சொன்னாரு, நான்தான் நெப்போலியன், விரட்டுனது லிக்னில பிரஷ்யப் படையை, முட்டுன மேடு வாட்டர்லூ, துரத்தப் போனவன் நெப்போலியனோட தளபதி க்ரூஷி, அவன்கூட 33,000 பேர். வாட்டர்லூவை அதுக்கு முன்னாடி எத்தனை தடவை ஆடியிருக்கேன், ஒவ்வொரு தடவையும் க்ரூஷியைக் கூடவே வெச்சுக்கிட்டு நெப்போலியனை முட்டாள்னு திட்டியிருக்கேன். பேரை மறைச்சதும் அதே ஆர்டரை நானே என் கையெழுத்துல எழுதியிருக்கேன். அந்தப் பேப்பர் இன்னும் என்கிட்ட இருக்கு.

ரூல்புக்_வாத்தியார்:
என் அனுபவம் சின்னது, பார்பரோசா, அதாவது 1941ல ஜெர்மனி ரஷ்யா மேல படையெடுத்தது, ரஷ்யாவா ஆடுன தம்பி முதல் டர்ன்லேர்ந்து ஓடிட்டே இருந்தான், எட்டு டர்ன் எனக்கு அடிக்க ஆளே கிடைக்கல. ஆனா செடான்காரன் தம்பி, பிரச்சனை உன்கிட்ட இல்ல, ரூல்ல இருக்கு. நிஜத்துல கீவை விடாதேன்னு ஸ்டாலின் பிடிவாதம் பிடிச்சதால செப்டம்பர் 1941ல ஜெர்மன் கணக்குப்படி ஆறு லட்சத்துக்கு மேல கைதியானாங்க, எந்த ப்ளேயர் அங்க நிப்பான்? அதனால டிசைனர்ஸ் "முட்டாள் ரூல்"னு கிண்டலா சொல்ற ஒண்ணை வைப்பாங்க, இத்தனாவது டர்ன் வரைக்கும் இந்த யூனிட் நகரக்கூடாதுன்னு. எனக்கு அது பிடிக்காது, கையைக் கட்டிட்டு ஆடுன்னா எதுக்கு ஆடணும். அதைவிட ஊரைப் பிடிச்சு வெச்சிருந்தா பாயின்ட்னு வை, விட்டுட்டு ஓடுனா வலிக்கணும், ஸ்டாலினுக்கும் மாஸ்கோவுல அரசியல் இருந்துச்சுல்ல. ரெண்டாவது, ஆரம்ப இடத்தை எதிராளிக்குத் தெரியாம எழுதி வெச்சு ஆடுங்க. மூணாவது, ஜெர்மனிக்கு மூணு ப்ளான் சீட்டு எழுதிக் குலுக்குங்க, பெல்ஜியம் வழியா நேரா வர்றது ஒண்ணு, ஜெர்மன் எல்லையில பிரான்ஸ் கட்டுன மேஜினோ கோட்டை வரிசையை முட்டுறது ஒண்ணு, அப்ப 7வது ஆர்மியை செடான்ல வெக்க பிரான்ஸ் யோசிக்கும். கம்ப்யூட்டர்ல ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 ஆடுறவங்க ஹிஸ்டாரிக்கல் ஏஐ ஃபோகஸை (கம்ப்யூட்டர் நாடுகளை நிஜ வரலாறு மாதிரியே நடக்க வைக்கிற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு ஆடிப் பாருங்க, 1939ல யார் யார்கூட சண்டை போடுவான்னே தெரியாது. அப்புறம் டைஸ் தம்பி, "கணக்கு சரி"ன்னது தப்பு, டன்கர்க் வர்ற வரைக்கும் ஜெர்மனி வந்தாத்தானே அங்க நிறுத்துறதும் நிறுத்தாததும்.

மேப்மனுஷன்:
எல்லாரும் என்னவோ 1940ல யாருக்குமே தெரியாத மாதிரி பேசுறீங்க. 1938லயே ப்ரெடெலான்னு ஒரு பிரெஞ்சு ஜெனரல் மேப் எக்சர்சைஸ் நடத்தி, ஆர்டென்ஸ் வழியா 60 மணி நேரத்துல மியூஸ் ஆத்துக்கு வந்துடலாம்னு காட்டிட்டாரு. கேமலின் அதை வெளிய விடல. செடான்காரன் பண்ணது அந்தப் பேப்பரை மதிச்ச ஜெனரல் பண்ற வேலைதான். இதுல என்ன தப்பு?

செடான்காரன்:
ப்ரெடெலா விஷயம் இப்பதான் கேள்விப்படுறேன், நன்றி. ஆனா நான் அதைப் படிச்சுட்டா வெச்சேன்? இல்லையே. வாத்தியாரே, சீட்டு ஐடியா நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் ரூல் கேக்கலை. அவன் போன் எடுக்க மாட்டேங்குறான், அதான் விஷயம். பெட்டி என்கிட்டயே இருக்கு, நேத்து திறந்து பாத்தேன், ஜெர்மன் பான்சர் எல்லாத்தையும் தனியா ஒரு கவர்ல போட்டு மேல "ஆர்டென்ஸ்"னு எழுதி வெச்சிருக்கான்.