திருகுக்கள்ளிப் பால் கண்ணில் பட்ட அன்று

பள்ளத்தூர்க்காரன்:
போன பங்குனியில் கொல்லைத் திருகுக்கள்ளி வேலியைக் கழித்துவிடலாம் என்று தம்பியும் நானும் அரிவாளோடு போனோம். நாலு கொப்புதான் வெட்டியிருப்போம், பால் முழங்கை வரை வழிந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது, அவன் அதே கையால் நெற்றி வியர்வையை வழித்தான். உடனே ஒன்றும் தெரியவில்லை. சாப்பிட உட்காரும்போதுதான் "அண்ணே, மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி எரியுது" என்றான். அப்பத்தா பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கிவந்து கண்ணில் விட்டார்கள். ராத்திரி அவன் விளக்கை அணைக்கச் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதை என்னால் மறக்கவே முடியவில்லை.

கானாடுகாத்தான் மருமகள்:
படிக்கவே பதறுகிறது. ஆனாலும் எனக்கு அந்தச் செடிமேல் கோபம் வராது. அதற்கு இலையே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஐப்பசியில், மழை விட்ட மறுநாள், ஊரணிக்கரை வேலியில் பார்க்கிறேன், பென்சில் மொத்தக் குச்சியின் நுனியில் நெல்மணி நீளத்துக்கு இரண்டு மூன்று இலை! கொஞ்ச நாளில் உதிர்ந்துவிட்டது. அப்புறம் வருஷம் முழுக்கப் பச்சைத் தண்டுதான் இலையின் வேலையையும் பார்க்கிறது. செம்மண் பொட்டலில் ஆடுகூட வாய் வைக்காமல் நிற்கும், நம்ம மண்ணிலேயே பிறந்த செடி.

திருமயம் ரோடு:
சகோதரி, அது நம்ம மண்ணில் பிறந்ததில்லை. ஆப்பிரிக்காவின் வறண்ட காடுகள்தான் அதன் சொந்த ஊர், 20 அடிக்கு மேல் மரமாகவே வளரும். 1753இல் லின்னேயஸ் என்ற தாவர அறிஞர், மலையாளக் கரை மக்கள் சொல்லிவந்த 'திருகள்ளி' என்ற பெயரையே அதன் அறிவியல் பெயரில் வைத்ததால் நம்முடையது மாதிரித் தோன்றுகிறது. இங்கேயே பிறந்தது என்றால் சதுரக்கள்ளி, பாறை இடுக்கில் விளிம்பெல்லாம் இரட்டை முள்ளோடு நிற்குமே, அது. சின்ன வயதில் ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப்போய் அதற்குள் விழுந்தவன் நான்.

பள்ளத்தூர் தம்பி, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் விடாதீர்கள். பால் பட்டது தெரிந்ததும், எரிச்சல் வரட்டும் என்று காத்திராமல், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணைக் கசக்கக் கூடாது, அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும், போகும்போது எந்தக் கள்ளி என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இனி வெட்டினால் கண்ணாடி போடுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள், அரிவாள் பிடியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்:
மறுநாள்தான் அண்ணே காரைக்குடிக்குக் கூட்டிப்போனோம். கருவிழி வெந்திருக்கிறது என்றார் டாக்டர். சொட்டு மருந்து விட்டுப் பத்து நாளில் பார்வை தெளிந்தது. முதல் நாளே கழுவியிருக்கலாம் என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. வேலி பாதி வெட்டியபடியே நிற்கிறது. வெட்டிப்போட்ட கொப்பெல்லாம் கிடந்த இடத்திலேயே வேர் விட்டிருக்கிறது.