கரையிலிருந்தே கடலுக்குள்: ஒரு சொல் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். பொனேர் தீவுக்கான பயணக் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தந்தாக வேண்டும். வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியக் கடலில் உள்ள டச்சுத் தீவு அது. அங்கே கடலுக்குள் மூழ்கிப் பார்க்கப் படகுக்குக் காத்திருக்க வேண்டாம். பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, நீருக்குள் மூச்சுவிட உதவும் காற்று உருளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சாலையோரத்தில் இடத்தின் பெயர் எழுதிய மஞ்சள் கல்லைக் கண்டதும் நிறுத்திக் கடலில் இறங்கலாம். இந்த 'ஷோர் டைவிங்'கைக் 'கரைமூழ்கல்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மதுரையிலிருந்து:
பொருந்தாது ஐயா. 'கப்பல் மூழ்கல்' என்றால் மூழ்குவது கப்பல். அப்படியானால் இங்கே மூழ்குவது கரையா? 1984இல் மூழ்கிய ஹில்மா ஹூக்கர் என்ற சரக்குக் கப்பல் அங்கே ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கிறார்கள். கப்பலுக்கும் அதைப் பார்க்கப் போகிறவருக்கும் ஒரே வினையா? முத்துக் குளித்தல், சங்கு குளித்தல் என்று நம்மிடமே இருக்கிறதே. 'கரைக்குளிப்பு' என்று வையுங்கள்.

சென்னையிலிருந்து:
முத்தும் சங்கும் முன்னால் நிற்பதால்தான் அங்கே பொருள் விளங்குகிறது. கரைக்குளிப்பு என்றால் இன்றைய வாசகர் கடற்கரைக் குளியல் என்றே படிப்பார். காற்று உருளையோடு மூழ்குவதைக் குறிக்கும் ஸ்கூபா தமிழில் நிலைத்துவிட்ட சொல். 'கரை ஸ்கூபா' போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் செய்தித்தாள்களில் 'கடற்படைச் சுழியோடிகள்' என்று எழுதுகிறோம். யாரும் பொருள் கேட்பதில்லை. புழக்கத்தில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஸ்கூபாவுக்கு ஏன் போக வேண்டும்? 'கரைச் சுழியோட்டம்' என்பதே என் பரிந்துரை.

மதுரையிலிருந்து:
சுழி என்றால் நீர்ச்சுழல் அல்லவா? பொனேரில் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. தீவே மறைவாக நிற்பதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கிறது. கரையிலிருந்து இறங்க முடிவதே அதனால்தான். அதைச் சுழி என்று எழுதினால் புதியவர் மிரள்வார். திருப்பாவையில் 'குடைந்து நீராடாதே' என்று வருகிறது. குடைதல் நீருக்குள் புகுந்து ஆடுவது. 'கரைக்குடைவு' என்று சொல்லலாமா?

சென்னையிலிருந்து:
அம்மா, கரைக்குடைவு கடலரிப்புக்குத்தான் பொருந்தும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சுழியோடியைக் கேட்டுப் பழகிய எவரும் சுழலை நினைப்பதில்லை. புழக்கத்தை வேர்ச்சொல்லால் அடித்து வீழ்த்தாதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து:
கையேட்டைப் படிப்பவருக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். பவளப்பாறையைக் காக்க அங்கே 1979 முதல் கடல் பூங்கா இருக்கிறது. முதல் நாள் அறிமுக முக்குளிப்பு முடிந்த பிறகே மற்ற இடங்களுக்குப் போகலாம். கையுறை கூடாது. பவளக் கற்கள் வழுக்கும், கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி வேண்டும். வண்டியில் பணமோ பாஸ்போர்ட்டோ வைக்கக் கூடாது. எதிரே கிளைன் பொனேர் என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே மட்டும் படகில்தான் போக வேண்டும். ஆகவே கையேட்டுக்கு இரண்டு சொற்கள் தேவை, இரண்டும் இணையாக நிற்க வேண்டும்: 'கரைவழி முக்குளிப்பு', 'படகுவழி முக்குளிப்பு'. ஒன்றைப் படித்தவருக்கு மற்றது தானே விளங்கும்.

சென்னையிலிருந்து:
ஏற்கிறேன்.

மதுரையிலிருந்து:
'வழி' அங்கே மிகை. இருந்தாலும் தடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. முக்குளிப்பு அருமையான சொல்தான். ஆனால் செய்பவரை என்னவென்று அழைப்பீர்கள்? முக்குளிப்பவர் என்றா? சுழியோடி என்ற பெயர் தயாராக இருக்கிறது. அதையாவது கையேட்டில் சேருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
கரைவழி முக்குளிப்பு என்றே எழுதுகிறேன். ஆளுக்குச் சுழியோடி என்று போட எனக்குத் தடையில்லை, பதிப்பாசிரியரிடம் கேட்கிறேன். இன்னொன்றும் நிற்கிறது. பல நாள் முக்குளித்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். அந்த இடைவெளிக்கு என்ன சொல்?

மதுரையிலிருந்து:
'பறவாப் பொழுது.' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

சென்னையிலிருந்து:
'விமானத் தவிர்ப்பு நேரம்.' படித்தவுடன் புரியட்டும்.