மறு: மறு: செங்கல் சுவரில் பூக்கும் வெள்ளைக்கு என்ன பெயர்?

செ. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். கொத்தனார் பயிற்சிக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். பூச்சில்லாத செங்கல், கருங்கல் உள்சுவர்களைச் சுத்தம் செய்து சீரமைப்பது பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. எஃப்ளோரசென்ஸ் என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். சுவரில் ஏறிய ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் காய்ந்துபோய் உப்பை மட்டும் வெள்ளைப் பொடியாக விட்டுவிடுகிறதே, அது. 'உப்புப்பூப்பு' சரிவருமா?

பு. எழுதியது:
அம்மா, பூப்பு என்றால் மஞ்சள் நீராட்டுக்கு எப்போது என்று கேட்பார்கள். நம்மிடம் 'பூநீறு' இருக்கிறதே! உவர்நிலத்தில் பூத்துக் கிடப்பதைச் சித்த மருத்துவத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். மண்ணில் பூத்தால் பூநீறு, அதே மண்ணைச் சுட்டுக் கட்டிய சுவரில் பூத்தால் வேறா? புறநானூறு 311இல் களர்நிலத்துக் கிணற்று நீரில் துணி வெளுக்கிறாள் ஒருத்தி. களர், உவர் எல்லாம் ஒரு குடும்பம். உவர்த்தலுக்கு வெறுத்தல் என்றும் பொருள் உண்டு. சுவர் உப்பை வெறுத்து உமிழ்கிறது என்று கொண்டால் 'உவர்ப்பு' என்றே...

த. எழுதியது:
ஐயா, உவர்ப்பு என்றால் சுவரை யாராவது நக்கிப் பார்க்கப் போகிறார்கள். பூநீறு என்று அச்சிட்டால் சுரண்டியதை நாட்டு மருந்துக் கடைக்குக் கொண்டுபோவார்கள். வேலை நடக்கும் இடத்தில் 'உப்பு பூத்திருக்கு' என்கிறார்கள், அவ்வளவுதான்.

உப்பு என்ற சொல் விடுபடவே கூடாது. பூசணமும் பூக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம்: உப்பு கரையும், பூசணம் கரையாது. பூசணம் என்று நினைத்துக் கழுவித் தள்ளினால் உப்பு கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதை அள்ளி எடுக்க வேண்டும். ஆசிட் ஊற்றினால் சுண்ணாம்புக் காரையே அரித்துப்போகும்.

ம. எழுதியது:
பாலிடெக்னிக் மாணவர்கள் தேர்வில் எஃப்ளோரசென்ஸ் என்றுதான் எழுதுகிறார்கள். அப்படியே விட்டால் என்ன?

பு. எழுதியது:
இலத்தீன்காரன் 'பூத்தல்' என்று சொன்னால் அறிவியல், கொத்தனார் சொன்னால் கொச்சையா?

த. எழுதியது:
இதில் ஐயா பக்கம்தான் நான் :) ஆனால் ஒரு சொல் போதாது. இந்தியத் தரம் 3495, மூன்றாம் பகுதியில் செங்கல்லை 25 மி.மீ. ஆழக் காய்ச்சி வடித்த நீரில் நிறுத்தி, நீர் வற்றவிட்டு, மறுபடி ஊற்றி வற்றவிட்டுப் பார்ப்பார்கள். மேற்பரப்பில் 10 விழுக்காட்டுக்குள் படிந்தால் சிறிது, 50 வரை மிதம், அதற்கு மேல் கனம். படிந்ததோடு செங்கல் மேனியும் பொடிந்து செதில் செதிலாக உரிந்தால்தான் கடைசி வகை. வார்னிஷ் அடித்து மூடிய சுவர்களில் இது நடக்கும். உப்பு வெளியே வர வழியில்லாமல் தோலுக்குப் பின்னால் படிகமாகி, முகத்தையே தள்ளிவிடும். முதல் மூன்றுக்குப் பூத்தல், இதற்குப் 'பொரிதல்' என்று பிரிக்கலாமே?

ம. எழுதியது:
எங்கள் ஊரில் 'சுவர் பொருமிப்போச்சு' என்போம். பொருமல்?

செ. எழுதியது:
பொருமல் வயிற்றுக்கே இருக்கட்டும், அண்ணா. நாளை வெள்ளி. உப்பு பூத்தல், உப்பு பொரிதல் இரண்டையும் போடுகிறேன். இதுவரை நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள்.

பு. எழுதியது:
நான் சரி என்று சொல்லவில்லை. பூநீறு அடிக்குறிப்பிலாவது வரவேண்டும். அப்புறம், 'உப்புப் பூத்தல்' என்று ஒற்று மிக வேண்டாமா? உப்பினது பூத்தல், ஆறாம் வேற்றுமைத் தொகை.

த. எழுதியது:
உப்பு பூத்தது என்பது எழுவாய்த் தொடர், ஐயா. மிகாது.

பு. எழுதியது:
பூத்தது வினைமுற்று. பூத்தல் தொழிற்பெயர். விரிவாக இரவு எழுதுகிறேன்.