உதவி தேவை: போர்ட் திறந்துவிட்டேன், வெளியிலிருந்து கமெரா தெரியவில்லை (4ஜி ரவுட்டர், ஒட்டுசுட்டான்)

படலையடி:
வணக்கம் உறவுகளே. மூன்று நாட்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஒழுங்கைக்குக் கம்பி இணைப்பு இன்னும் வரவில்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான். போன மாதம் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டாரை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பி, நான்கு கமெராவும் அவற்றின் படத்தைப் பதியும் ஒரு டிவிஆர் பெட்டியும் பூட்டச் சொன்னார். பூட்டியாயிற்று. இப்போது அவருக்கு அங்கிருந்தே வளவைப் பார்க்கவேண்டுமாம்.

வீட்டு வலையில் டிவிஆரின் முகவரி 192.168.1.20, போர்ட் (இணைப்பை ஏற்கும் வாசல் எண்) 8000. ரவுட்டரில் 8000ஐ அந்த முகவரிக்குத் திருப்பி விதி எழுதினேன். வீட்டு வைஃபையில் படம் தெளிவாக வருகிறது. வெளியிலிருந்து போனால் சுற்றிக்கொண்டே நின்று அறுந்துவிடுகிறது. போர்ட் சோதிக்கும் தளங்களில் "மூடியுள்ளது" என்றே வருகிறது. கோபத்தில், எல்லாப் போர்ட்டையும் ஒரேயடியாக டிவிஆருக்குத் திறந்துவிடும் டிஎம்இசட்டையும் போட்டுப் பார்த்தேன். பயனில்லை.

முறிகண்டிக்காரி:
தம்பி, முதலில் அந்த டிஎம்இசட்டை நிறுத்துங்கள். அது விதி எழுதுவது அல்ல, வேலியையே பிடுங்கி எறிவது. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் பிடித்த பொருட்களில் பெரும்பாலானவை இப்படித் திறந்து கிடந்த கமெராக்களும் டிவிஆர்களும்தான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாருமே மாற்றியிருக்கவில்லை. உங்களுடையதை மாற்றினீர்களா?

இனி மூன்று கேள்வி. டிவிஆருக்கு முகவரியை நீங்களே நிரந்தரமாகக் கொடுத்தீர்களா, அல்லது ரவுட்டர் கொடுத்ததா? டிவிஆரின் வலை அமைப்புப் பக்கத்தில் கேட்வே (வெளியே போகும் வழி, அதாவது ரவுட்டரின் முகவரி) என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது? வெளியிலிருந்து என்கிறீர்களே, கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டுத்தானே பார்த்தீர்கள்? பல ரவுட்டர்கள் உள்ளே இருந்துகொண்டு வெளி முகவரியைத் தட்டினால் திருப்பி அனுப்பத் தெரியாதவை.

படலையடி:
அக்கா, கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், டிஎம்இசட்டையும் நிறுத்திவிட்டேன். வெளியிலிருந்து என்றால் மாங்குளம் சந்திவரை போய், வேறு சிம்மில் பார்த்தேன். முகவரி நிரந்தரமாகத்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் கேட்வேயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்: 192.168.0.1 என்று கிடக்கிறது. எங்கள் ரவுட்டர் 192.168.1.1. கமெரா பூட்ட வந்த பையன் வேறு வீட்டில் போட்டதை அப்படியே போட்டிருக்கிறான். திருத்திவிட்டேன். டிவிஆரின் நேரம்கூட இப்போது தானாகச் சரியாகிவிட்டது. ஆனாலும் வெளியிலிருந்து வரவில்லை.

முறிகண்டிக்காரி:
கேட்வே பிழையென்றால் வீட்டுக்குள் எல்லாம் நன்றாகவே இருக்கும். வெளியிலிருந்து கேள்வி வந்தால் பதில் திரும்பிப் போக வழி தெரியாது. ஒரு பிழை போயிற்று. இன்னொன்று இருக்கிறது, அது உங்கள் வளவுக்குள் இல்லை என்று நினைக்கிறேன். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' (WAN, வெளிப்பக்கம்) என்ற தலைப்பின் கீழ் ஒரு ஐபி முகவரி இருக்கும். பிறகு "என் ஐபி என்ன" என்று சொல்லும் ஏதாவது தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றா?

படலையடி:
இல்லை. ரவுட்டரில் 100.78 என்று தொடங்குகிறது. தளத்தில் முற்றிலும் வேறு எண். ரவுட்டரை அணைத்துப் போட்டேன், இரண்டும் மாறின, ஆனால் ஒன்றாகவில்லை.

ஏ9 சாரதி:
அகப்பட்டது. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பாவிப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. 10இல் தொடங்கினாலும் இதே கதைதான். ஐபிவி4 என்ற இந்த முகவரி முறையில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரி. ஆசியாவுக்கானது 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆகவே நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோடுகிறது. வெளியிலிருந்து வருபவன் முதலில் தட்டுவது அவர்களின் படலையை. அங்கே உங்கள் 8000ஐப் பற்றி யாருக்கும் தெரியாது. உங்கள் ரவுட்டரில் ஆயிரம் விதி எழுதினாலும் அந்தத் தட்டல் உங்கள் வாசல்வரை வராது.

நிறுவனத்திடம் நிலையான வெளி முகவரி கேட்டுப் பார்க்கலாம். சிம் இணைப்புக்கு அநேகமாகக் கைவிரிப்பார்கள்.

படலையடி:
அழைத்தேன். "ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள்" என்றார்கள். மூன்று தடவை சொன்னார்கள்.

முறிகண்டிக்காரி:
அப்படியானால் போர்ட் திறக்கும் எண்ணத்தையே விடுங்கள். உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பை யாரும் தடுப்பதில்லை, அதைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். சுலபமானது, டிவிஆரிலேயே இருக்கும் கியூஆர் குறியை அண்ணாவின் கைபேசியால் பிடிப்பது. ஆனால் உங்கள் வீட்டு முற்றம் முன்பின் தெரியாத ஒருவரின் சேர்வரை (இடையில் நின்று இணைத்துவிடும் கணினியை) நம்பித் தெரியும். எனக்கு அது பிடிக்காது.

பழைய மடிக்கணினி ஏதாவது தூசி பிடித்துக் கிடக்கிறதா? லினக்ஸ் போட்டு, அதிலும் அண்ணாவின் கைபேசியிலும் டெயில்ஸ்கேலை நிறுவுங்கள்; தூரத்துக் கருவிகளை ஒரே தனி வலையாக இணைக்கும் செயலி அது. மடிக்கணினியில் ஐபி ஃபோர்வார்டிங்கை (வந்ததை அடுத்த கருவிக்குக் கடத்துவதை) இயக்கி, 192.168.1.0/24 என்ற உள்வலையை, அதாவது உங்கள் வீட்டு முகவரிகள் முழுவதையும், டெயில்ஸ்கேலுக்கு அறிவியுங்கள். நிர்வாகப் பக்கத்தில் போய் அந்தப் பாதைக்கு அனுமதி கொடுக்க மறக்கவேண்டாம். பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் கணினிக்கு மட்டும் டெயில்ஸ்கேலின் நுழைவுச் சாவி காலாவதியாவதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் 180 நாளில் அண்ணா இரவில் எழுப்புவார். பழைய 8000 விதியை அழித்துவிடுங்கள்.

படலையடி:
அக்கா, முக்கால்வாசி வந்துவிட்டது! அண்ணாவின் கைபேசி டேட்டாவில் படம் வருகிறது. அவருடைய வீட்டு வைஃபையில் மட்டும் வரவில்லை. இது என்ன கூத்து?

ஏ9 சாரதி:
அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1 தானே? கைபேசி 192.168.1.20ஐ ரொறன்ரோ வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. ஊர்ப் பக்கத்தை 192.168.77 என்று மாற்றுங்கள்: ரவுட்டர், டிவிஆர், கேட்வே, அறிவித்த பாதை, நான்கையும். பாதைக்கு மறுபடியும் அனுமதி கேட்கும்.

இன்னொன்று, அண்ணா சிறிய படத்தை, அதாவது சப் ஸ்ட்ரீமைப் பார்க்கட்டும். 512 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 230 எம்பி அளவில்தான் போகும். முழுப் படம் 4 மெகாபிட் என்றால் அதே நேரத்தில் 1.8 ஜிபி. உங்கள் டேட்டா பொதி இரண்டு நாளில் முடிந்துவிடும்.

படலையடி:
மாற்றினேன். வேலை செய்கிறது. நேற்று இரவு எட்டு மணிக்கு, அங்கே காலை பத்தரை, அண்ணா பதறிப்போய் அழைத்தார்: "கிணற்றடியில் யாரோ நிற்கிறார்கள்!" டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வளவு மாடு. அப்பா வைத்த வாழைக்கன்றில் மூன்றை அடியோடு தின்று முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது.

இப்போது அண்ணா ஐந்தாவது கமெராவுக்குக் காசு அனுப்புகிறாராம், வாழைத் தோட்டத்துப் பக்கம் பூட்ட. 4ஜி தாங்குமா?

முறிகண்டிக்காரி:
கமெரா டிவிஆருக்குக் கம்பியில்தானே போகிறது, ஐந்து பூட்டினாலும் அண்ணா பார்க்கும்போதுதான் டேட்டா போகும். ஆனால் முதலில் அந்த வேலியை அடைத்துவிடுங்கள், தம்பி.