ஆர் நல்லவர், ஆர் சிடுமூஞ்சி: குடும்பக் குழுவில் ஒரு சனி இரவு

மச்சாள்: நித்திரை வராதவர்கள் எல்லாரும் வாங்கோ, ஒரு விளையாட்டு. நடிகர், பாடகர், கிரிக்கெட்காரர், ஆராவது ஒருவர் பெயரைப் போடுங்கோ. நேரில் நல்லவரா சிடுமூஞ்சியா? ஊகம் போதும்.

நான்: ஒரு நிபந்தனை. நல்லவர் என்றால் பெயர் போடலாம். சிடுமூஞ்சி என்றால் பெயர் கூடாது. இங்கே போடுகிற எதுவும் விடியமுன் டொரோண்டோ சுற்றி ஃபோர்வேர்ட் ஆகித் திரும்பி வரும்.

லண்டன் அண்ணா: பெயர் இல்லாமல் அதில் என்ன ருசி?

பெரியம்மா: நம்பியார்.

மச்சாள்: நல்லவரா கெட்டவரா பெரியம்மா?

பெரியம்மா: தங்கமான மனுசன். குடி இல்லை, மச்சம் மாமிசம் தொட மாட்டார். சபரிமலைக்கு அறுபது தடவைக்கு மேல் போன குருசாமி. எங்கட அம்மா திரையைப் பார்த்தே "நாசமாய்ப் போவான்" என்று திட்டுவா. 2008இல் அவர் செத்தபோது பேப்பரை வாசித்துக் காட்டினேன். அப்பவும் நம்பவில்லை.

தங்கச்சி: அப்ப வில்லனாய் நடிப்பவர் எல்லாம் நல்லவர். சோனு சூட்டும் அப்படித்தானே. படத்தில் பார்த்தால் பயம், 2020 லொக்டவுனில் கூலி வேலைக்காரரை ஊருக்கு அனுப்ப பஸ் பிடித்துக் கொடுத்தவர்.

குஞ்சியப்பா: அந்தக் கணக்குப் பிழை பிள்ளை. எம்.ஆர்.ராதா படத்திலும் மிரட்டினார், 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரை அவர் வீட்டுக்கே போய் உண்மையாகவும் சுட்டார். எம்.ஜி.ஆரின் குரல் அதற்குப் பிறகு பழையபடி வரவேயில்லை.

தங்கச்சி: 😳

ஆசையம்மா: விஜயகாந்த். 2023 டிசம்பரில் அவர் போன அன்று நான் டீவியை விட்டு எழும்பவில்லை. தனக்கு என்ன சாப்பாடோ அதுதான் லைட் தூக்குகிற பெடியனுக்கும் என்று ஒழுங்கு வைத்தவர்.

லண்டன் அண்ணா: சூர்யா. 2006இல் அகரம் தொடங்கி வசதியில்லாத பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்.

குஞ்சியப்பா: விளம்பரம்.

லண்டன் அண்ணா: இத்தனை வருசமாகவா?

குஞ்சியப்பா: சரி, அந்தச் சொல்லை விடுவோம். தானம் வேறு, குணம் வேறு என்கிறேன். எங்கட பெரியண்ணை கோயிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டிக் கொடுத்தவர். வீட்டில் அவர் முன்னால் ஆராவது வாய் திறந்தோமா?

பெரியம்மா: மணிக்கூட்டுக் கோபுரம் இல்லை, மணிக் கோபுரம். மற்றதெல்லாம் சரி.

மச்சாள்: 🤣🤣 பெரியம்மா!

தங்கச்சி: முரளியை ஒருவரும் சொல்லவில்லையே. டெஸ்டில் 800 விக்கெட். சுனாமி நேரம் சாமான் ஏற்றிக்கொண்டு தானே அலைந்தவர்.

லண்டன் அண்ணா: அவர் மேடையில் சொன்னதுகளையும் சேர்த்துத்தான் பார்க்க வேணும்.

குஞ்சியப்பா: (இந்தச் செய்தி அழிக்கப்பட்டது)

குஞ்சியப்பா: (இந்தச் செய்தி அழிக்கப்பட்டது)

ஆசையம்மா: அட்மினாகச் சொல்கிறேன், அரசியல் வேண்டாம். போனமுறை கோபித்துக்கொண்டு போனவர்களைத் திரும்பச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான்: இதெல்லாம் பேப்பரில் வந்த நல்ல குணம். கமெராவைப் பார்த்துச் சிரிப்பது அவர்களுக்கு உத்தியோகம், அதைக் கணக்கில் எடுக்க முடியாது. ட்ரைவர், ரூம் கூட்டுகிறவர், பெட்டி தூக்குகிறவர், இவர்களைக் கேட்க வேணும். அத்தான், நீங்கள் பலாலி எயார்போர்ட்டில் இருந்து வானில் ஆக்களை ஏற்றுகிறனீங்கள்தானே. வாயைத் திறவுங்கோ.

வான் அத்தான்: வேண்டாம். ஹயர் போயிடும்.

மச்சாள்: பெயர் வேண்டாம் அத்தான், கதையை மட்டும் சொல்லுங்கோ.

வான் அத்தான்: சரி. ஒரு பாடகர். சென்னை பிளேனில் வந்திறங்கினார். வணக்கம் என்றேன், தலையை மட்டும் ஆட்டினார். புன்னாலைக்கட்டுவன் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு சின்னக் கொப்பியை நீட்டினார். "ஏசியைக் குறைக்க முடியுமா? தொண்டை" என்று எழுதியிருந்தது. உரும்பிராய்ச் சந்தியில் பெடியள் கண்டுபிடித்துவிட்டார்கள். செல்ஃபி கேட்டுக் கண்ணாடியைத் தட்ட, அவர் கையைக் கூப்பிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்.

தங்கச்சி: ஓ, அவரா! ஃபேஸ்புக்கில் தலைக்கனம் என்று கிழித்தார்களே.

வான் அத்தான்: கிழித்தார்கள். கச்சேரி முடியும்வரைக்கும் அந்த மனுசன் ஒரு சொல் கதைக்கவில்லை, குரலைச் சேமித்தார். முடிந்து ஏறினவுடன் தொடங்கினார் பாருங்கோ! உங்கட கிணறு எவ்வளவு ஆழம், தண்ணி உப்பா, பனை ஏன் இவ்வளவு, பனங்கட்டியை ஏன் ஓலைக் குட்டானில் கட்டுகிறீர்கள் என்று வாய் ஓயவில்லை. குட்டானைப் பெட்டிக்குள் வைக்க விடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், நசிந்துவிடுமாம்.

ஆசையம்மா: ஐயோ பாவம். கண்ணாடியை இறக்காததிலும் பிழை இல்லை. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரன் நிகழ்ச்சிக்குச் சனம் தடுப்பை உடைத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம்தானே. அப்படிச் சனம் நெருக்கினால் நானும் இறக்க மாட்டேன்.

மச்சாள்: மற்றக் கதை?

வான் அத்தான்: மற்றவர் டீவி ஆள். வாசலில் நின்ற எல்லாருக்கும் கை கொடுத்தார், ஒரு குழந்தையைத் தூக்கி முத்தம் வைத்தார். வானுக்குள் ஏறிக் கதவு மூடினவுடன் முதல் வேலை, ஈரத் துடைப்பானால் கையை முழங்கை வரை துடைத்தது. பிறகு சார்ஜர் எங்கே என்று கேட்டார். அது ஹோட்டலில் விடுபட்டுப் போச்சு. உதவிக்கு வந்த பெடியனை அவர் ஏசினது எனக்கே கூசியது. அந்தப் பெடியனுக்கு எங்கட மகன் வயதுதான் இருக்கும்.

பெரியம்மா: கை துடைத்தது குற்றமில்லை. கொரோனாவுக்குப் பிறகு நானும் துடைக்கிறேன்.

நான்: துடைத்ததை விடுங்கோ பெரியம்மா. திருப்பிச் சொல்ல முடியாத ஒருவனை ஏசினாரே, எனக்கு அதில் மார்க் முடிந்தது.

குஞ்சியப்பா: ஒரு நாளை வைத்து முடிவு கட்டாதே. அன்று அவருக்கு என்ன தலையிடியோ.

நான்: பாடகருக்கும் ஒரு நாள்தான் கிடைத்தது குஞ்சியப்பா, ஊர் விட்டதா?

குஞ்சியப்பா: அது சரி.

லண்டன் அண்ணா: டீவி ஆள் ஆர் என்று முதல் எழுத்தாவது சொல்லுங்கோ அத்தான்.

வான் அத்தான்: மாட்டேன்.

லண்டன் அண்ணா: தனியாக அனுப்புங்கோ, ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.

மச்சாள்: நீங்களா? 🤣

வான் அத்தான்: அடுத்த மாதமும் அவர் வருகிறார், வானும் நான்தான். ஹயர் முடிந்து காசு கைக்கு வரட்டும், பிறகு பார்ப்போம்.