மெய்ன் மூஸ் குலுக்கல்: வெளிமாநிலத்துக்காரர் பெண் மூஸுக்குப் பேர் கொடுக்கலாமா?

குன்னூர்க்காரன்
அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல மூஸ் (மான் இனத்துலயே பெரிசு) வேட்டைக்கான பெர்மிட்டைக் குலுக்கல்ல கொடுக்கிறாங்க, மே மாசம் விண்ணப்பம் முடியுது. நான் இருக்கிறது மாசசூசெட்ஸ், அதனால வெளிமாநிலக் கணக்குல வர்றேன். எந்த வட்டாரம், எந்த வாரம், ஆண் மூஸா கொம்பில்லாததான்னு விருப்பப்படி வரிசைப்படுத்தச் சொல்றாங்க. ஆபீஸ்ல வேட்டைக்குப் போற ஒருத்தர், "பெண் மூஸை மட்டும் குறிச்சுடாதே, சேர்த்த பாயின்ட் எல்லாம் வீணாப்போகும்"னு அடிச்சுச் சொல்றார். எனக்குக் கொம்பு மேல ஆசையே இல்ல, கறிதான் வேணும். என்ன செய்யலாம்?

பங்கோர் பாண்டி
தம்பி, கறி வேணும்னா கொம்பில்லாத பெர்மிட்டையே முதல்ல எழுதுங்க. ஆண்டுக்குச் சுமார் 4,100 பெர்மிட், கேட்கிறவங்க எழுபதாயிரத்துக்கு மேல. வெளிமாநிலத்துக்கு 10 சதவீதம்தான் உச்சவரம்பு, அதாவது ஏறக்குறைய 400. முக்கால்வாசிப் பேருக்கு செப்டம்பர் மாச ஆண் மூஸ்தான் கனவு. கூப்பிட்டா குரல் கொடுத்துக்கிட்டு வருமே, அந்த வாரம். அக்டோபர் கடைசியில வர்ற கொம்பில்லாத வாரத்தைப் பாதிப் பேர் படிவத்துலயே சேர்க்க மாட்டாங்க. கூட்டம் இல்லாத வரிசையில நிக்கிறதுல என்ன வெட்கம்?

பாயின்ட்ங்கிறது விண்ணப்பிச்சும் பேர் விழாத வருஷத்துக்குச் சேர்ற கூடுதல் வாய்ப்பு. அதோட கணக்கு: முதல் அஞ்சு வருஷம் வருஷத்துக்கு ஒண்ணு, அடுத்த அஞ்சுக்கு ரெண்டு, அதுக்கடுத்து மூணு, பதினாறாம் வருஷத்துலருந்து பத்து. பேர் விழுந்தா எல்லாம் பூஜ்யம், அப்புறம் சில வருஷம் விண்ணப்பிக்கவும் முடியாது. பெர்மிட் விலை உள்ளூர்க்காரனுக்கு 52 டாலர், உங்களுக்கு 585. வேட்டை லைசென்ஸ் தனி.

இன்னொண்ணு. "கொம்பில்லாத"ன்னா பெண் மட்டும் இல்ல. கன்றும் அடக்கம், காதை விடக் குட்டையான கொம்புள்ள ஆணும் அடக்கம்.

கள்ளிக்காடு
பாண்டி அண்ணன் சீட்டு விழுற கணக்கை மட்டும் பேசுகிறார். காட்டின் கணக்கு வேறு. ஓர் ஆணைச் சுட்டால் ஒரு மூஸ் போகிறது. பெண்ணைச் சுட்டால் அதன் பின்னால் வரவேண்டிய கன்றுகளும் சேர்ந்து போகின்றன. அதுவும் எந்த ஊரில்? 2022 வசந்தத்தில் வடக்கு மெய்னில் கண்காணிப்புக் கழுத்துப்பட்டை மாட்டிய கன்றுகளில் பத்துக்கு ஒன்பது வரை உண்ணியால் செத்துப்போன ஊரில்! பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த ஆய்வில் செத்த கன்று ஒன்றின் உடம்பில் சராசரி 47,000 உண்ணி. ரத்தம் இல்லாமல், உரசி உரசி முடி உதிர்ந்து நிற்கும் கன்றின் படத்தைப் பார்த்தவர்கள் தாயைச் சுட யோசிப்பார்கள்.

அந்த நியூ ஹாம்ப்ஷயர் என்ன செய்தது? 2007ல் 675 பெர்மிட் கொடுத்த மாநிலம் இன்று ஐம்பதுக்கும் கீழே இறக்கிவிட்டது. நலிந்த கூட்டத்தை நிம்மதியாக விடுவதுதான் முறை.

பங்கோர் பாண்டி
உண்ணியைச் சொன்னீங்க, நல்லது. அது எப்படி வாழுதுங்கிறதையும் சொல்லணும்ல?

பனிக்கால உண்ணி ஒரே உயிர் மேலேயே வாழ்க்கையை முடிக்கிற ஜாதி. இலையுதிர் காலத்துல குஞ்சு உண்ணிங்க செடி நுனியில கொத்துக்கொத்தாத் தொங்கி, உரசிப்போற மூஸ் மேல ஏறும். பனிக்காலம் முழுக்க அங்கேயே ரத்தம் குடிச்சு, மார்ச் ஏப்ரல்ல பெண் உண்ணி கீழ விழுந்து முட்டையிடும். மானுக்கும் ஏறும், ஆனா மான் நக்கித் துடைச்சுக்கும், மூஸுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. அப்ப உண்ணியோட எண்ணிக்கை எதைப் பொறுத்தது? ஒரு சதுர மைல்ல எத்தனை மூஸ் நடமாடுதுங்கிறதைப் பொறுத்தது. நெருக்கமா இருந்தா உண்ணிக்கு விருந்து.

அதனாலதான் மெய்ன் 2021ல நாலாம் வட்டாரத்தை ரெண்டாப் பிரிச்சு, 4ஏங்கிற பாதியில மட்டும் கொம்பில்லாத பெர்மிட்டைக் கூட்டினாங்க, முதல் வருஷமே 550. மறுபாதியை ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவெச்சாங்க. வெர்மான்ட் மாநிலமும் இதே வழிதான். 2023ல வடகிழக்கு மூலையில மட்டும் 180 பெர்மிட், அதுல 100 கொம்பில்லாததுக்கு. எண்ணிக்கையைக் குறைக்கணும்னா பெண்ணைத்தான் குறைக்கணும். ஆணைச் சுட்டா அடுத்த வருஷக் கன்று பெருசாக் குறையாது.

கள்ளிக்காடு
உண்ணி பெருகக் காரணம் நெருக்கம் மட்டும்தானா? முதல் பனி தள்ளிப்போனால் குஞ்சு உண்ணிகளுக்கு ஏற இன்னும் சில வாரம் கிடைக்கிறது. வசந்தத்தில் பனி சீக்கிரம் உருகினால் கீழே விழும் பெண் உண்ணி சாகாமல் மண்ணுக்குள் போகிறது. பருவம் கெட்டதற்குத் துப்பாக்கி வைத்தியமா? சோதனை என்றே வைத்துக்கொள்வோம். சோதனை நடப்பது ஒரு பாதி வட்டாரத்தில். நம் குன்னூர்க்காரர் கேட்டது பொதுவாகப் பெண் மூஸைக் குறிக்கலாமா என்று.

அலாஸ்காவைப் பாருங்கள். கொம்பில்லாத வேட்டை எங்கே நடந்தாலும் அதை ஆண்டுதோறும் புதிதாக அனுமதிக்க வேண்டும், உள்ளூர் ஆலோசனைக் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியாளுக்குப் பெரும்பாலும் 50 அங்குலக் கொம்புள்ள ஆண்தான். பெண்ணைத் தொடுவதானால் அந்த மண்ணில் வாழ்பவன் முடிவு செய்யட்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கேயோ வெளியாள் 55 டாலருக்குப் பத்துச் சீட்டு, கூடக் கொடுத்தால் இன்னும் பத்து என்று வாங்கிக் குவிக்கலாம்!

பங்கோர் பாண்டி
வாங்கிக் குவிச்சாலும் அந்த 10 சதவீதத்துக்குள்ளதான். உங்க சீட்டு இன்னொரு வெளியாள் சீட்டோடதான் மோதுது, உள்ளூர்க்காரன் பங்கைத் தொடாது.

கீரிமலை
நான் கனடா, ஒண்டாரியோ ஸ்காபரோவில இருந்து எழுதுறன். குலுக்கல் பிடிக்காட்டி இங்க கிழக்கில நியூஃபவுண்ட்லாந்துத் தீவு இருக்கு. அங்க மூஸ் பூர்வீகமே இல்லை. 1904ல நியூ பிரன்சுவிக்கில இருந்து நாலு கொண்டுபோய் விட்டவை, இப்ப ஒரு லட்சமளவில நிக்குது. ஓநாயும் அழிஞ்சு போச்சு. காடு முளைக்க விடாமல் திண்டு தீர்க்குது எண்டு 2011ல குரோஸ் மோர்ன் தேசியப் பூங்காவுக்குள்ளயே வேட்டைக்கு விட்டவை. வெளியாளுக்குக் குலுக்கல் இல்லை, ஆனால் லைசென்ஸ் பெற்ற வேட்டை முகாமுக்கு ஊடாகத்தான் போகலாம். ஒண்டாரியோக்காரர் எண்டாலும் அங்க நாங்கள் வெளியாள்தான். சீட்டுக்குக் காத்திருக்கிறதில மிச்சம் பிடிக்கிற காசு வழிகாட்டிக்குப் போகும்.

கள்ளிக்காடு
கீரிமலை சொல்வது எனக்குச் சம்மதம். மனிதன் கொண்டுவிட்டது, ஓநாய் இல்லை, காடு அழிகிறது. அங்கே பெண்ணைச் சுடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

குன்னூர்க்காரன்
வழிகாட்டிக்குக் கொடுக்கிற அளவுக்கு வசதி இல்லைங்க அண்ணா. வயோமிங் மாநிலத்தைப் பத்தியும் ஒருத்தர் சொன்னார். அப்புறம் நான் எச்1பி விசா. துப்பாக்கி தொடலாமா?

பங்கோர் பாண்டி
வயோமிங்ல மூஸ் பாயின்ட் ஒண்ணுக்கே வருஷம் 150 டாலர். 2023லருந்து உள்ளூருக்கு 90 சதவீதம், வெளியூருக்கு 10 சதவீதம்னு பங்கையும் சுருக்கிட்டாங்க. மத்திய அரசு 'வில்டர்னெஸ்'னு ஒதுக்கின காட்டுக்குள்ள வெளியாள் வழிகாட்டி இல்லாம பெரிய மிருக வேட்டைக்குப் போகவே கூடாது. இன்னைக்கு ஆரம்பிச்சா உங்க பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

விசா: குடியேற்றம் அல்லாத விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கி வெச்சிருக்க மத்திய அரசுச் சட்டத்துல தடை இருக்கு. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா அதுக்கு விலக்கு. அதனால முதல்ல ஹன்டர் சேஃப்டி கோர்ஸ், அப்புறம் லைசென்ஸ், அதுக்கப்புறம்தான் மத்தது. இரவல் துப்பாக்கின்னாலும் இதே வரிசைதான். வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, விளையாட்டு இல்ல இது.

உப்புக்கண்டம்
நீங்க எல்லாரும் சீட்டு விழுறதோட நிறுத்திட்டீங்க. சுட்டதுக்கப்புறம் என்னங்கிறதை யாரும் பேசலையே!

குன்னூர்த் தம்பி, பெண் மூஸ் உயிரோட 350 கிலோ நிக்கும். எலும்பு நீக்கின கறியே நூறு கிலோவுக்கு மேல வரும். ரோட்டுலருந்து ஒரு மைல் உள்ள சதுப்புல விழுந்துச்சுன்னா ரெண்டு பேரால இழுக்க முடியாது. கயிறு, கப்பி, கறி போடத் துணிப்பை, நாலு திடகாத்திரமான ஆளு, இதெல்லாம் இருந்தாத்தான் ட்ரிகரைத் தொடணும். தோலை உடனே உரிச்சு நாலு பாகமாப் பிரிச்சுக் காத்தாட விடுங்க. அக்டோபர் கடைசின்னாலும் மத்தியானம் வெயில் அடிச்சா தொடைக்கறி எலும்போரமா புளிச்சுப்போகும். கசாப்புக் கடையில முன்கூட்டியே சொல்லி வைங்க, அந்த வாரம் இடமே கிடைக்காது.

வடக்கே பாதிக் காடு மரக் கம்பெனிங்களோடது. அந்தக் காட்டுக்குள்ள போக்குவரத்தைப் பார்த்துக்கிற நார்த் மெய்ன் வுட்ஸ் அமைப்போட கேட்டுல வெளிமாநிலத்துக்காரங்களுக்குக் கட்டணம் கூட. லாரிக்குத்தான் அங்க முதல் வழி, ஒதுங்கி நில்லுங்க. ஞாயித்துக்கிழமை மெய்ன்ல வேட்டை கிடையாது, திங்கள் முதல் சனி வரைதான்னு லீவு போடுங்க.

ஈரல், சிறுநீரகம் ரெண்டையும் விட்டுடுங்க. காட்மியம் சேர்ந்திருக்கும், சாப்பிடாதீங்கன்னு அரசாங்கமே சொல்லுது. நம்ம ஆளுங்க முதல்ல ஈரலைத்தான் கேட்பாங்க, அதான் சொல்றேன். பதிவு நிலையத்துல பல்லு எடுப்பாங்க, உண்ணி எண்ணுவாங்க. சூலகத்தையும் எடுத்துட்டு வந்து கொடுங்க, அதை வெச்சுத்தான் எத்தனை கன்று உருவாகுதுன்னு பார்க்கிறாங்க.

கள்ளிக்காடு
அக்கா சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. பெண் மூஸ் ஒன்று பக்கத்தில் அஞ்சு மாதக் கன்றோடு நிற்கிறது. சுடுவீர்களா?

உப்புக்கண்டம்
மாட்டேன். சட்டம் அனுமதிக்குது, ஆனா நான் கன்று இல்லாததா ஒண்ணு வர்ற வரைக்கும் காத்திருப்பேன். வரலேன்னா கன்றைத்தான் எடுப்பேன். இளங்கறி, ரெண்டு பேரால தூக்கிடலாம், பனிக்காலத்தைத் தாண்டுறது எப்படியும் சந்தேகம்தான். இதைச் சொன்னா எங்க வீட்டுலயே முகம் சுளிக்கிறாங்க.

பங்கோர் பாண்டி
நான் தாயையே எடுப்பேன் அக்கா. அந்த வாரத்துக்குள்ள கன்று இலை தழை தின்னப் பழகியிருக்கும். எண்ணிக்கையைக் குறைக்கத்தானே பெர்மிட்டே கொடுத்தாங்க. கன்றைச் சுட்டா நாளைக்குச் சாகப்போறதை இன்னைக்குச் சுட்ட கணக்கு, உண்ணிக்கு வேண்டிய உடம்பு அப்படியே நடமாடும்.

கள்ளிக்காடு
கணக்காக நீங்கள் சொல்வது சரி. எனக்கு அது ஒப்பவில்லை.

குன்னூர்க்காரன்
படிவத்தை நிரப்பிட்டேன். 4ஏ கொம்பில்லாதது மட்டும். வேற வட்டாரம் எதையும் எழுதல.

கள்ளிக்காடு
கேட்ட வட்டாரம் நிரம்பிவிட்டால் வேறு எதுவானாலும் ஏற்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். அதில் "இல்லை" என்று போட்டீர்களா?

குன்னூர்க்காரன்
"ஆமாம்"னு இருந்துச்சு. இப்பத்தான் மாத்தினேன்.